டென்ட்டர்ஹுக்ஸ்: காயும் கம்பளியிலிருந்து வந்த ஒரு தவிப்பு

தேர்தல் முடிவு நாள், கிரிக்கெட்டின் கடைசி ஓவர், பெரிய வழக்கில் தீர்ப்பு என்று எது வந்தாலும் ஆங்கிலச் செய்தியாளர்கள் தவறாமல் போடும் தொடர் ஒன்று உண்டு: ‘ஆன் டென்ட்டர்ஹுக்ஸ்’. வேட்பாளர்கள் டென்ட்டர்ஹுக்ஸ் மேல் இருக்கிறார்கள், ரசிகர்கள் டென்ட்டர்ஹுக்ஸ் மேல் இருக்கிறார்கள். போட்டித் தேர்வுக் கையேட்டைப் புரட்டினால் இதற்கு நேரே ‘பதற்றத்துடன்’ என்று ஒற்றைச் சொல் இருக்கும். அது என்ன கொக்கி, அதில் மாட்டியிருப்பது யார் என்பதற்குக் கையேட்டில் இடம் இருப்பதில்லை.

இடம் இல்லாத இடத்தில் கதைகள் முளைக்கும். நம் காதில் அது ‘டெண்டர்’ என்றே விழுகிறது; உடனே பொதுப்பணித் துறையும் மூடி முத்திரையிட்ட உறையும் நினைவுக்கு வருகின்றன. ஆங்கிலத்தையே தாய்மொழியாகப் பேசுகிறவர்களும் இதில் தப்பவில்லை. மென்மை என்ற பொருள் தரும் ‘டெண்டர்’ என்று நினைத்துக்கொண்டு ‘டெண்டர் ஹுக்ஸ்’ என்று எழுதுகிறார்கள். இறைச்சிக் கடையில் ஆட்டுத் தொடையைத் தொங்கவிடும் கொக்கி என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். சித்திரவதைக் கருவி என்பார்கள் இன்னும் சிலர். உண்மையில் இது ஜவுளித் தொழில் சொல். நனைந்த கம்பளித் துணியை இழுத்துக் கட்டிக் காயவைத்த மரச்சட்டத்தின் கொக்கிகள்தான் டென்ட்டர்ஹுக்ஸ்.

## முதலில், எதைச் சொல்கிறது?

‘பதற்றம்’ என்ற பொருள் தவறில்லை, ஆனால் பாதிதான். பாம்பைக் கண்டு பயந்தவன் டென்ட்டர்ஹுக்ஸ் மேல் இல்லை. மேடையேறப் போகிறவளுக்கு வயிறு கலங்குவதும் இது இல்லை. வேலைக்கு நேர்காணல் முடிந்துவிட்டது, பதில் எல்லாம் சொல்லியாகிவிட்டது, வெள்ளிக்கிழமை மாலைக்குள் அழைக்கிறோம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இப்போது வெள்ளி மதியம் 3 மணி. செய்வதற்கு ஒன்றுமில்லை, வேறு வேலையிலும் மனம் ஒட்டவில்லை. இந்த நிலைதான் டென்ட்டர்ஹுக்ஸ்.

முடிவு இனிமேல்தான் வரவேண்டும், அது நம் கையில் இல்லை, ஆனால் நம்மை அது விடவும் இல்லை. இந்த மூன்றும் சேர்ந்தால்தான் இந்தத் தொடர் பொருந்தும். முடிவு தெரிந்த நொடியில், நல்லதோ கெட்டதோ, கொக்கி கழன்றுவிடும். அதற்குப் பிறகு வருவது மகிழ்ச்சியாக இருக்கலாம், துக்கமாக இருக்கலாம்; டென்ட்டர்ஹுக்ஸ் அல்ல.

சுருக்கமாக, இது வெறும் பயத்தின் பெயர் இல்லை, காத்திருப்பின் பெயர். ஏன் அப்படி ஆயிற்று என்று புரிய, அந்தச் சட்டம் என்ன வேலை செய்தது என்று பார்க்கவேண்டும்.

## கஞ்சி போட்ட புடவை

பருத்திப் புடவையைக் கஞ்சி போட்டுப் பிழிந்ததும் நம் வீடுகளில் என்ன செய்வார்கள்? அப்படியே கொடியில் எறிய மாட்டார்கள். இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு, எதிரெதிரே நின்று, வெடுக்கென்று இழுப்பார்கள். சுருக்கம் விடும், விளிம்பு நேராகும், கோணலாகப் போன இழைகள் தம் இடத்துக்கு வரும். ஈரம் இருக்கும்போதே இழுத்துவிட வேண்டும். அப்படியே சுருண்டு காய்ந்துவிட்டால் அப்புறம் இஸ்திரிப் பெட்டிதான் பாடுபட வேண்டும்.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஈரத் துணி சொன்ன பேச்சைக் கேட்கும். காய்ந்ததும் எந்த நிலையில் காய்ந்ததோ அந்த நிலையை ஓரளவு பிடித்துக்கொள்ளும். இனி அந்தப் புடவைக்குப் பதிலாக இருபது கெஜத்துக்கும் மேல் நீளமான, கனத்த, தண்ணீர் குடித்த கம்பளித் துணியை நினைத்துக்கொள்ளுங்கள். இடம் வெயில் நின்று அடிக்காத வட இங்கிலாந்து. அது காய எவ்வளவு நேரமானாலும் அவ்வளவு நேரமும் அதை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்கவேண்டும். ஆள் வைத்துச் செய்கிற வேலையா அது? மரத்தையும் இரும்பையும் வைத்துச் செய்தார்கள்.

## கம்பளி ஏன் இப்படிச் சுருங்குகிறது?

பருத்திக்கு இல்லாத ஒரு குணம் கம்பளிக்கு உண்டு. கம்பளி என்பது ஆட்டின் முடி. முடியின் மேற்பரப்பு வழுவழுப்பாகத் தெரிந்தாலும் நுண்ணோக்கியில் பார்த்தால் மெல்லிய செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். எல்லாச் செதில்களும் முடியின் நுனிப் பக்கமே பார்க்கின்றன. வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு அடித்துக் கசக்கினால் ஒவ்வோர் இழையும் கொஞ்சம் நகரும். ஆனால் செதில்களின் போக்கால் ஒரு பக்கமாக மட்டும்தான் எளிதாக நகரமுடியும். திரும்பி வர முயன்றால் பக்கத்து இழையின் செதில் தடுக்கும். இப்படி முன்னால் மட்டும் நகர்ந்து நகர்ந்து இழைகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு துணி இறுகிச் சுருங்குகிறது. கம்பளி ஸ்வெட்டரைத் தெரியாமல் வெந்நீரில் வாஷிங் மெஷினில் போட்டவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

நமக்கு நஷ்டமாகத் தெரியும் இதை, கம்பளி நெசவாளர்கள் வேண்டுமென்றே செய்தார்கள். தறியிலிருந்து இறங்கும் கம்பளித் துணி இடைவெளி விட்டுத் தளர்வாக இருக்கும். ஆட்டுக் கொழுப்பும், நூற்கும்போது தடவிய எண்ணெயும் அதில் ஒட்டியிருக்கும். அதைத் தண்ணீரில் போட்டு அடித்து, அழுக்கு நீக்கி, இறுகச் செய்யும் வேலைக்கு ‘ஃபுல்லிங்’ என்று பெயர். கொழுப்பை உறிஞ்ச ஒரு வகைக் களிமண்ணைச் சேர்ப்பார்கள். ஃபுல்லர்ஸ் எர்த் என்ற அந்த மண் வேறெதுவும் இல்லை, அழகுக் குறிப்புகளில் முகத்துக்குப் பூசச் சொல்லும் முல்தானி மிட்டிதான். அதோடு பழைய சிறுநீரும் சேரும். நாள்பட்ட சிறுநீரில் உண்டாகும் அம்மோனியா கொழுப்பைக் கரைக்கும் என்பதால் வீடு வீடாகச் சேகரித்த காலமும் இருந்தது. முகம் சுளிக்கவேண்டாம், சோப்பு மலிவாகாத உலகம் அது.

தொடக்கத்தில் இந்த வேலை கால்களால் நடந்தது. தொட்டியில் துணியைப் போட்டு ஆட்கள் ஏறி மிதிப்பார்கள். அதனால்தான் இங்கிலாந்தில் இந்தத் தொழில் செய்தவர்களின் வழிவந்தோருக்கு வாக்கர் என்ற குடும்பப் பெயர் வந்தது. ஃபுல்லர், டக்கர் என்ற பெயர்களும் அதே தொழிலிலிருந்து வந்தவைதான். ஊருக்கு ஊர் சொல் மாறியது. 12-ஆம் நூற்றாண்டில் நீர்ச்சக்கரம் சுழற்றிய மரச்சம்மட்டிகள் வந்தன. 1185-இல் எழுதிய ஒரு கணக்கெடுப்பிலேயே இங்கிலாந்தின் ஃபுல்லிங் ஆலைகள் பதிவாகியிருக்கின்றன.

ஆக, ஃபுல்லிங் துணியை அடர்த்தியாக்கும், கதகதப்பாக்கும், மழைத்துளி சட்டென்று உள்ளே இறங்காதபடி செய்யும். கூடவே அதைத் தாறுமாறாகச் சுருக்கியும் விடும். ஓரிடத்தில் அகலம், ஓரிடத்தில் குறுகல், விளிம்பு அலையலையாக. அந்தத் துணியை அப்படியே விற்க முடியாது.

## சட்டமும் கொக்கியும்

இங்கேதான் டென்ட்டர் வருகிறது. ‘டென்ட்டர்’ என்பது துணியை இழுத்துக் கட்டும் மரச்சட்டம். தரையில் வரிசையாகக் கம்பங்கள் நட்டு, அவற்றின் மேல் முனையில் நீளமாக ஒரு விட்டம், கீழே இன்னொரு விட்டம். மேல் விட்டம் அசையாது. கீழ் விட்டத்தை ஏற்றி இறக்கி, ஆப்பு வைத்தோ முளை வைத்தோ நிறுத்தலாம். இரண்டு விட்டங்களிலும் சில அங்குலங்களுக்கு ஒன்றாக நெடுக இரும்பு ஆணிகள் அடித்திருப்பார்கள். சாதாரண ஆணிகள் இல்லை. இரண்டு முனையும் கூராக்கி, செங்கோணத்தில் வளைத்தவை. ஒரு முனை மரத்துக்குள் போகும், மற்றொன்று துணிக்காக வெளியே நீட்டியிருக்கும். மேல் வரிசை மேல்நோக்கியும் கீழ் வரிசை கீழ்நோக்கியும் வளைந்திருக்கும். இவையே டென்ட்டர்ஹுக்ஸ்.

ஈரத் துணியைத் தூக்கிவந்து மேல் விளிம்பை மேல் கொக்கிகளில் குத்தி மாட்டுவார்கள். பிறகு கீழ் விளிம்பைக் கீழ் கொக்கிகளில். கடைசியில் கீழ் விட்டத்தை அழுத்தி இறக்கினால் முழுத் துணியும் மத்தளத் தோலாக விறைத்து நிற்கும். எங்கும் ஒரே அகலம், விளிம்பு நேர்கோடு. அப்படியே காயவிட வேண்டியதுதான்.

கொக்கி துணியின் உடலைத் தொடுவதில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். விளிம்பில் மட்டும் குத்துகிறது. துணி கிழிந்துவிடக் கூடாது என்பதில் அவர்களுக்கு எவ்வளவோ அக்கறை. எனவே இந்தத் தொடரில் வரும் வேதனை குத்துவதால் வரும் வேதனை இல்லை. இரு பக்கமும் பிடித்திருக்கிறது, தளர வழியில்லை, காயும் வரை விடமாட்டார்கள். விறைப்புதான் விஷயம். கொக்கியைப் பார்த்தவுடன் இரத்தம் என்று நினைக்கும் கதைகள் எல்லாம் இந்த இடத்தில்தான் தடம் மாறுகின்றன.

சொல்லின் வேரும் இதையே சொல்கிறது. லத்தீனில் ‘டெண்டெரே’ என்றால் நீட்டு, இழு என்று பொருள். டென்ட்டர் அந்தக் குடும்பம். துணியை இழுத்துக் கட்டும் கூடாரத்துக்கான ‘டென்ட்’ அதே குடும்பம். நாம் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்லும் ‘டென்ஷன்’ கூட அதே குடும்பம்தான். வேடிக்கை என்னவென்றால், பொதுப்பணித் துறை டெண்டரும் இதன் உறவுக்காரர்தான்! கையை நீட்டிக் கொடுப்பது, முன்வைப்பது என்ற வழியில் வந்த சொல் அது. ஆங்கிலேயர்கள் தவறாக நினைக்கும் ‘மென்மை’ டெண்டருக்கோ இதனோடு நேரடி உறவு இல்லை. அது வேறு லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஒப்பந்தக்காரரை நினைத்த நம் காது, தற்செயலாகத்தான் என்றாலும், கொஞ்சம் கிட்டத்தில் போயிருக்கிறது.

## கொஞ்சம் கூடுதலாக இழுத்தால்?

கீழ் விட்டத்தை இன்னும் இரண்டு விரற்கடை இறக்கினால் துணி இன்னும் அகலமாகும். துணியை அளந்து விற்கும் உலகில் இதைவிடப் பெரிய சபலம் உண்டா? இழுத்த நிலையிலேயே காய்ந்த கம்பளி, சந்தையில் அளக்கும்போது கணக்குக்குச் சரியாக இருக்கும். வாங்கியவர் அதைக் கோட்டாகத் தைத்துப் போட்டுக்கொண்டு ஒரு மழையில் நனைந்தால் இழைகள் பழைய இடத்துக்கே திரும்பும். கோட்டு உடம்பைப் பிடிக்கும்.

துணி அளவு அங்கே அரசாங்க விவகாரம். 1215-இன் மாக்னா கார்ட்டாவிலேயே சாயத் துணிகளுக்கு நாடு முழுக்க ஒரே அகலம் இருக்கவேண்டும் என்று ஒரு பிரிவு உண்டு. ‘எல்’ என்ற அக்கால அளவில் இரண்டு. அரசனுக்கும் பிரபுக்களுக்கும் நடந்த அவ்வளவு பெரிய பேரத்தில் துணியின் அகலம் எங்கிருந்து வந்தது என்று தோன்றலாம். இங்கிலாந்தின் செல்வம் அந்தக் காலத்தில் ஆட்டின் முதுகில்தான் இருந்தது. பிறகு துணியை அளந்து ஈய முத்திரை குத்தத் தனி அதிகாரிகள் வந்தார்கள். 1597-இல், எலிசபெத் ராணி காலத்தில், வடக்கத்தித் துணிகளை டென்ட்டரில் ஏமாற்றி இழுப்பதைத் தடுக்க என்றே நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. சட்டம் போடவேண்டி வந்தது என்றால் எவ்வளவு இழுத்திருப்பார்கள் என்று நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

இன்னொரு தொல்லை, திருட்டு. துணி வெளியில்தான் காயவேண்டும், பகலில் முடியாவிட்டால் இரவிலும். பல வார உழைப்பு வேலியோரம் கொக்கியில் தொங்கிக்கொண்டிருக்கும். யார்க்ஷரில் ஹாலிஃபாக்ஸ் என்ற துணி ஊருக்குத் தலைவெட்டும் இயந்திரம் ஒன்று சொந்தமாக இருந்தது. பிரெஞ்சுக் கில்லட்டினுக்கு வெகு காலம் முந்தியது. பதின்மூன்றரைப் பென்ஸோ அதற்கு மேலோ மதிப்புள்ளதைத் திருடிப் பிடிபட்டால் அதில் தலை போகும். கடைசியாக அது இறங்கியது 1650-இல். அன்று தண்டனை பெற்ற இருவர் மீதிருந்த குற்றங்களில் ஒன்று 16 கெஜம் கம்பளித் துணியைத் திருடியது. 1670-இல் நாடு முழுமைக்கும் ஒரு சட்டம் வந்தது. துணி காயும் மரச்சட்டத்திலிருந்து திருடுகிறவர்களுக்கு, முதல் குற்றத்தில் தூக்கிலிருந்து தப்பப் பலருக்கும் உதவிய பழைய சலுகை கிடையாது என்றது அது.

இதை எல்லாம் சொல்வதற்குக் காரணம் உண்டு. டென்ட்டர் ஏதோ மூலையில் கிடந்த தொழிற்கருவி இல்லை. எல்லோருக்கும் தெரிந்த, எல்லோர் கண்ணிலும் பட்ட, சட்டப் புத்தகம் வரை போன பொருள். அப்படிப்பட்டதுதான் மக்கள் பேச்சில் உவமையாக ஏறும்.

## மலைச்சரிவு முழுக்கத் துணி

எவ்வளவு கண்ணில் பட்டது என்பதற்கு எழுத்தாளர் டேனியல் டெஃபோ நல்ல சாட்சி. 1720-களில் பிரிட்டன் முழுக்கச் சுற்றியதைப் பற்றி எழுதியபோது ஹாலிஃபாக்ஸ் பக்கத்து மலைச்சரிவுகளைப் பார்த்து வியந்து போனார். ஏறக்குறைய ஒவ்வொரு வீட்டருகிலும் ஒரு டென்ட்டர், ஏறக்குறைய ஒவ்வொரு டென்ட்டரிலும் ஒரு துணி என்கிறார். மேகம் விலகி வெயில் பட்டதும் அந்த வெள்ளைத் துணிகள் எல்லாம் மினுங்கிய காட்சி தன்னை மிகவும் கவர்ந்ததாகவும் எழுதுகிறார். வீட்டில் நெசவு, வீட்டை ஒட்டி ஓடும் வாய்க்காலில் கழுவல், வாசலில் டென்ட்டர். தொழிற்சாலைகள் வருமுன் கம்பளித் தொழில் இப்படித்தான் இருந்தது.

நகரங்களில் இதற்கென்றே திறந்த வெளிகளை ஒதுக்கியிருந்தார்கள். லண்டனின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியில் ‘டென்ட்டர் கிரவுண்ட்’ என்ற தெரு இன்றும் இருக்கிறது. அங்கிருந்து சற்றுத் தெற்கே போனால் ஆல்ட்கேட் பக்கம் நார்த் டென்ட்டர், சவுத் டென்ட்டர், ஈஸ்ட், வெஸ்ட் என்று ஒரு சதுரத்தின் நான்கு பக்கங்களுக்கும் அதே பெயர். நார்த்தம்பர்லாந்தில் ஆட்டர்பர்ன் என்ற ஊரின் பழைய கம்பளி ஆலையில் கொக்கியோடு கூடிய டென்ட்டர் வரிசையை இப்போதும் பார்க்கலாம். கென்ட் மாவட்டத்தின் டென்ட்டர்டன் ஊருக்கு மட்டும் இதனோடு சம்பந்தமில்லை. கம்பளித் தொழில் செய்த ஊர்தான், ஆனாலும் பெயர் தானெட் என்ற இடத்து மக்களின் மேய்ச்சல் காட்டிலிருந்து வந்தது.

இதுவரை பார்த்ததைக் கோத்துப் பார்ப்போம். கம்பளியை அடித்து இறுக்குவது ஃபுல்லிங். சுருங்கிய ஈரத் துணியை நேராக்க இழுத்துக் கட்டும் சட்டம் டென்ட்டர். விளிம்பைப் பிடிக்கும் ஆணி டென்ட்டர்ஹுக். ஊரெங்கும் இது நின்றது. இனி இது மனதுக்குள் எப்படிப் போனது என்பதுதான் பாக்கி.

## துணியிலிருந்து மனதுக்கு

முதலில் ஏறியது கொக்கி இல்லை, சட்டம். ‘டென்ட்டர் மேல் இருப்பது’ என்றே பழைய எழுத்துகள் சொல்கின்றன. 1633-இல் அச்சான ‘தி புரோக்கன் ஹார்ட்’ என்ற நாடகத்தில் ஜான் ஃபோர்டின் பாத்திரம் ஒன்று, தன் இதயத்தின் நரம்புகள் டென்ட்டர்மேல் கிடப்பதாகப் புலம்புகிறது. இழுபட்ட நரம்பு, இழுபட்ட துணி. நாடகம் பார்க்க வந்தவர்களில் பலர் லண்டன் ஓரத்து டென்ட்டர் வெளிகளைக் கடந்து வந்திருப்பார்கள், விளக்கம் தேவைப்பட்டிருக்காது.

கொக்கி பிறகு வந்து சேர்ந்தது. 1748-இல் டோபியாஸ் ஸ்மாலெட் எழுதிய ‘ரோட்ரிக் ராண்டம்’ நாவலில் கதை சொல்பவன், பொறுமையிழந்த ஐயத்தின் டென்ட்டர்ஹுக்ஸ் மேல் ஒருவரை விட்டுவந்ததாகச் சொல்கிறான். எவ்வளவு பொருத்தமான இடம் பாருங்கள்: முடிவு தெரியாமல், காத்திருக்க வைத்து விட்டுவருதல். இன்று நாம் பயன்படுத்தும் பொருள் அங்கேயே முழுசாக இருக்கிறது. அப்போது ஐயம், பொறுமையின்மை என்று எதன் கொக்கி என்பதைச் சேர்த்தே சொன்னார்கள். பழகப் பழக அந்தச் சொற்கள் உதிர்ந்து கொக்கி மட்டும் மிஞ்சியது.

டெண்டர், டென்ட்டர் குழப்பத்துக்கும் வயது குறைவில்லை. 1823-இல் வெளிவந்த ‘டான் ஜுவான்’ நெடுங்கவிதைப் பகுதியில் வாசகரைத் தவிக்க வைப்பதைப் பற்றிப் பேசும் கவிஞர் பைரன், பெண்களும் புத்தகங்களும் தம் ‘டெண்டர் அல்லது டென்ட்டர்’ கொக்கிகளில் இரை மாட்டச் சிறந்த வழி அதுவே என்று வேண்டுமென்றே இரண்டையும் உரசவிடுகிறார். அவர் செய்தது சிலேடை. பின்னால் வந்தவர்கள் செய்தது எழுத்துப்பிழை. டென்ட்டர் சட்டங்கள் ஆலைக்குள் போய், பிறகு இயந்திரமாகி, மலைச்சரிவுகளிலிருந்து மறைந்தபின் அந்தச் சொல் அனாதையாயிற்று. பொருள் தெரியாத சொல்லைக் காது தனக்குத் தெரிந்த பக்கத்துச் சொல்லாக மாற்றிக் கேட்டுக்கொள்ளும். ‘டெண்டர் ஹுக்ஸ்’ அப்படிப் பிறந்தது.

சித்திரவதைக் கதைக்கும் இப்படி ஒரு காரணம் தெரிகிறது. டெவன் போன்ற தென்மேற்குப் பகுதிகளில் டென்ட்டரையே ‘ரேக்’ என்றார்கள். கைதியின் கையையும் காலையும் கட்டி இழுத்த கொடுமைக் கருவிக்கும் ரேக் என்றே பெயர். இரண்டும் இழுக்கின்றன, இரண்டும் சட்டங்கள். ஒன்றை இன்னொன்றாக நினைப்பதில் வியப்பில்லை. ஆனால் டென்ட்டர்ஹுக்ஸில் தொங்கியது துணிதான், மனிதர் இல்லை.

## எழுதும்போது கவனிக்க

எப்போதும் பன்மை. ஒரே ஒரு கொக்கியில் யாரும் தவிப்பதில்லை. முன்னால் ‘ஆன்’ வரும். ‘ஷீ வாஸ் ஆன் டென்ட்டர்ஹுக்ஸ்’ என்று ஒருவரின் நிலையைச் சொல்லலாம். ‘இட் கெப்ட் அஸ் ஆன் டென்ட்டர்ஹுக்ஸ்’ என்று நம்மைத் தவிக்கவிட்ட விஷயத்தைச் சொல்லலாம். இப்போது ஒரே சொல்லாகச் சேர்த்து எழுதுவதே வழக்கம். நடுவில் வருவது d எழுத்தா t எழுத்தா என்ற சந்தேகம் வந்தால், கூடாரத்துக்கான ‘டென்ட்’ (tent) சொல்லை முதலில் எழுதிவிட்டு மேலே போனால் பிழை வராது.

பக்கத்து வீட்டுத் தொடர்களோடு கலந்துவிடாமல் இருப்பதும் முக்கியம். வயிற்றில் வண்ணத்துப்பூச்சி என்பது ஒன்றைச் செய்யப் போகுமுன் வரும் படபடப்பு. பரிட்சைக்கு முந்தின நிமிடம். டென்ட்டர்ஹுக்ஸ் பரிட்சை முடிந்து முடிவு வரும் வரை. ‘பின்ஸ் அண்ட் நீடில்ஸ் மேல்’ இருப்பது அமெரிக்காவில் ஏறக்குறைய இதே பொருளில் வழங்குகிறது. ஆனால் அந்தச் சொற்களுக்குக் கால் மரத்து ஊசி குத்துவது என்ற பொருளும் உண்டு, பிரிட்டனில் அதுதான் சட்டென்று நினைவுக்கு வரும். சுடு செங்கல்மேல் பூனை என்பது நிலைகொள்ளாமல் அலையும் உடம்பைப் பற்றியது. டென்ட்டர்ஹுக்ஸில் அலைச்சல் இல்லை. அசையவே முடியாது என்பதுதான் அதன் குணம்.

தமிழில் எதைப் போடலாம்? ‘வயிற்றைப் புளி கரைக்கிறது’ பொருந்தாது, அது பயம். ‘முள்மேல் நிற்பது போல’ கிட்ட வருகிறது, ஆனால் அங்கே குத்தல்தான் முன்னால் நிற்கிறது. என்னைக் கேட்டால், ‘இருப்புக் கொள்ளவில்லை’ என்று எழுதி, எதற்காகக் காத்திருக்கிறார் என்பதைச் சேர்த்துச் சொல்வதே போதும். ஒன்றுக்கு ஒன்று நேர்த்தொடர் தேடி அலையவேண்டியதில்லை.

## சட்டம் எங்கே போயிற்று?

எங்கும் போகவில்லை. திருப்பூரில் சாயப்பட்டறை, பிராசசிங் பக்கம் போய் ‘ஸ்டென்டர்’ எங்கே இருக்கிறது என்று கேட்டால் நேராகக் கூட்டிப்போய்க் காட்டுவார்கள். முன்னால் ஓர் ‘ஸ்’ ஒட்டிக்கொண்ட அதே டென்ட்டர்தான். சாயமேற்றிய ஈரத் துணியின் இரு விளிம்புகளையும் இரண்டு சங்கிலிகள் பிடித்துக்கொள்கின்றன. சங்கிலியில் நெடுக ஊசிகளோ கிளிப்புகளோ இருக்கும். வேண்டிய அகலத்துக்குச் சங்கிலிகள் விலகி, துணியை விறைப்பாக இழுத்தபடியே சூடான காற்றடிக்கும் அறைகள் வழியாக இட்டுச்செல்லும். மறுமுனையில் துணி காய்ந்து, அகலம் சரியாகி வெளியே வரும். காற்றும் வெயிலும் நாள் கணக்கில் செய்ததை இது நிமிடக் கணக்கில் முடிக்கிறது. ‘தான்’ எனப்படும் முழுச் சுருளில் வரும் துணியின் ஓரத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் வரிசையாகச் சிறு துளைகள் தெரியுமே, பல துணிகளில் அது ஸ்டென்டர் ஊசியின் தடம்தான்.

கூடுதலாக இழுக்கும் பழைய தந்திரமும் கூடவே வந்திருக்கிறது. ஸ்டென்டரில் அளவுக்கு மீறி அகலமாக்கிய பின்னல் துணியில் தைத்த டி-ஷர்ட், முதல் சலவையில் சுருங்கிக் காட்டிக் கொடுக்கும். அதனால்தான் ஏற்றுமதிக்குப் போகுமுன் துணியைத் துவைத்துப் பார்த்துச் சுருக்கத்தை அளக்கிறார்கள். 1597-இன் சட்டம் பிடிக்க நினைத்த அதே ஆள்.

துணியைத் தாண்டியும் போயிருக்கிறது. பிஸ்கட், சிப்ஸ் பாக்கெட்டுகளில் பளபளக்கும் பிளாஸ்டிக் தாளில் பெரும்பகுதி பாலிப்ரொப்பிலீனை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் இழுத்துச் செய்தது. அகலவாக்கில் இழுக்கும் அந்தப் பெரிய அடுப்புக்கு ஆலைகளில் இன்றும் பெயர் டென்ட்டர். அங்கே கொக்கி இல்லை, கிளிப்புகள் விளிம்பைக் கவ்வுகின்றன. கவ்விய இடம் தடித்துப் போவதால் வெளியே வந்ததும் இரு ஓரத்தையும் வெட்டி எடுத்து, உருக்கி, மறுபடி தொடக்கத்திலேயே சேர்த்துவிடுகிறார்கள்.